படலின் மேல்பாதி

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கணப்பு அணைவதற்குள் ஒரு கதை சொல்லி முடித்துவிடுகிறேன். லண்டனில் ஆட்டுத்தோலில் எழுதிய கட்டு ஒன்று இன்னும் இருக்கிறது. அரசிக்கு எதிராகத் துரோகம் செய்தார்கள் என்று தண்டிக்கப்பட்டவர்களின் வழக்குக் கட்டு. நானூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் மை மங்கவில்லை. அதில் ஒரு தோலில், ஆம்புரோஸ் பின்னக் என்கிற படல் பின்னுகிறவர் சொன்னதில் பாதி மட்டும் எழுதியிருக்கிறது. மீதிப் பாதியை நான் சொல்கிறேன். முடிகிறவரை எழுந்து போகாமல் இருந்தால் அதுவே போதும்.

அன்றைக்குக் காலையில் அவர் மகள் தாமசின், முற்றத்தில் சாய்த்து வைத்திருந்த ஆட்டுப் படல்களை ஒவ்வொன்றாகத் தரையில் போட்டு, மேலே ஏறி நின்று மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில், தண்டனையை நிறைவேற்றும் அதிகாரியான ஷெரீப்பின் ஆள் டிக்கன் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குக் கால் மாற்றி மாற்றி நிற்க வேண்டியிருந்தது. குளிரினால் மட்டும் இல்லை.

"ஏதாச்சும் ஒண்ணக் குடு புள்ள. எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு."

"இது இளகியிருக்கு, அண்ணே."

"ஆட்டுக்கா பாக்குறே…" என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

துரோகக் குற்றவாளியைத் தூக்குமரம் வரை நடக்க விடமாட்டார்கள். மண்ணில் கால் வைக்கும் தகுதி அவனுக்கு இல்லையாம். படல் ஒன்றில் மல்லாக்கக் கட்டி, குதிரையை வைத்து இழுத்துக்கொண்டு போவார்கள். கோர்ஸ்டன் ஊர்ச் சிறையிலிருந்து மேட்டு வயலுக்கு ஒன்றரை மைல். பாதை முழுக்கச் சுண்ணாம்பு மண்ணும் கூர்க்கல்லும். பின்னல் இளகியிருந்தால் கல் இடுக்கு வழியாக ஏறி முதுகைக் கிழிக்கும். தாமசினுக்கு வயது முப்பத்தாறு, விதவை, ஏழு வயதிலிருந்து படல் பின்னுகிறவள். எந்தப் படல் எதைத் தாங்கும் என்று அவள் பாதத்துக்குத் தெரியும்.

ஒன்பது படல்களை மிதித்தாயிற்று. ஒன்பதிலும் சுண்ணாம்புக் கட்டியால் குறி போட்டிருந்தது. தீர்ப்பு வந்த மறுநாளே வந்து முற்றத்திலிருந்த ஒவ்வொன்றிலும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். துரோகியின் உடைமை எல்லாம் அரசிக்கு. குறி இல்லாதது ஒன்றே ஒன்றுதான். கொட்டகை ஓரத்தில், துளை போட்ட மரக்கட்டையில் பத்துக் குச்சிகள் நின்றபடி, பாதி மட்டும் பின்னிய படல். நவம்பரில் அப்பா அதைப் பின்னிக்கொண்டிருக்கும்போதுதான் அவரைப் பிடிக்க வந்தார்கள். பின்னி முடிக்காததை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்டுக்கொண்டே குறி போட வந்தவர்கள் அதை விட்டுவிட்டுப் போனார்கள்.

தாமசின் அதன் முன்னால் போய் நின்றாள்.

"இத முடிச்சுத் தர்றேன் அண்ணே."

"ஐயோ, நேரம் ஆகுமே."

"பதினோரு மணிக்குத்தானே? குதிரைக்குத் தண்ணி காட்டிட்டு வாங்க."

டிக்கன் வானத்தைப் பார்த்தான். இந்தப் பெண்ணின் கல்யாணத்தில் குழல் ஊதியவன் அவன். குதிரையைத் திருப்பிக்கொண்டு போனான்.

ஹேசல் மரத்து விளாரை வளைகத்தியால் நுனியிலிருந்து அடிவரை பிளந்து, குச்சிகளுக்கு உள்ளும் வெளியுமாக ஓட்டி, ஓரக் குச்சிக்கு வந்ததும் விளாரை முறுக்கித் திருப்ப வேண்டும். முறுக்கினால் கயிறுபோல் நார் பிரிந்து வளையும். முறுக்காமல் வளைத்தால் பட்டென்று ஒடியும். அப்பாவுக்கு அந்த முறுக்கு மணிக்கட்டில் இருந்தது. அவளுக்கு என்றைக்கும் வந்ததில்லை. முப்பது வருஷமாக அவர் சொல்வது ஒன்றுதான்: "நீ போட்ட முறுக்கா? ஆட்டுக்குட்டி மூச்சு விட்டா விழுந்துரும்." அவள் பின்னியதை ஒருநாளும் நன்றாயிருக்கிறது என்று சொன்னதில்லை. விற்கும்போது மட்டும் தன்னுடையதற்கு நடுவில் சேர்த்து வைத்துவிடுவார்.

இப்போது அவர் எதுவுமே சொல்வதில்லை. வழக்கு முடிந்து பத்து நாளில் ஐந்து தடவை சிறைக்குப் போனாள். ஐந்து தடவையும் காவல்காரன் திரும்பி வந்து, "யாரையும் பாக்க வேணாம்னு சொல்றாரும்மா" என்றான். யாரையும் என்றால் யாரை என்று அவளுக்குத் தெரியும்.

வேலியோரம் சத்தம். பக்கத்து வீட்டு சிபிலி, தப்பி ஓடிவந்த ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு வந்தாள்.

"பொறந்து நாலு நாளு ஆகல, அதுக்குள்ள ஊர் சுத்துது, சனியன்." குட்டியை இடுக்கிக்கொண்டு அவள் தாமசினின் கையைப் பார்த்தாள். "என்னடி பண்றே? அவங்களுக்கா பின்னித் தர்றே?"

"அப்பாவுக்குக்கா."

சிபிலி குட்டியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"ஊரே கேக்குது தாமசின். நானும் கேக்குறேன். ரால்ஃப் போட்டுக் கொடுத்தான், அவன் அப்படிப்பட்டவன். நீ ஏன்டி வாயத் திறந்தே?"

"முழுசாச் சொன்னா விட்டுருவாங்கன்னு நினைச்சேன்கா."

"முழுசாச் சொன்னியா?"

"சொல்ல விடல."

சிபிலி குட்டியின் காதைத் தடவிக்கொண்டே நின்றாள். "சாப்பிட்டியா?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

நடந்தது இதுதான், கண்ணுகளா. அக்டோபரில் தாமசினின் அம்மா அவிஸ் காய்ச்சலில் போனாள். நவம்பர் இரண்டு, செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் ஆத்துமாக்கள் திருநாள். முன்பெல்லாம் அன்றைக்கு ஊர் மணி ஓயாமல் அடிக்கும். கல்லறைக்குக் கல்லறை மெழுகுவத்தி எரியும். அரசி கொண்டுவந்த புது வழிபாட்டில் அதெல்லாம் கூடாது. ஆம்புரோஸ் ஒரு துண்டு மெழுகுவத்தியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போய் மனைவியின் மண்மேல் ஏற்றினார். கோவில் ஆள் வந்து அதைக் காலால் தேய்த்து அணைத்தான். திரும்பி வரும் வழியில் சாராயக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அழுதுகொண்டே அவர் ஏதோ சொன்னார். பெஞ்சில் ஒரு பக்கம் தாமசின். இன்னொரு பக்கம் கம்பளி மூட்டை கட்டும் ரால்ஃப் கோட்ஸ். மறுநாள் ரால்ஃப் அதை நீதிபதி வீட்டில் போய்ச் சொன்னான்.

ஒருவன் சொன்னால் மட்டும் துரோகம் ஆகாது. சட்டத்தில் இரண்டு சாட்சி வேண்டும். அந்த ஊரில் யாருக்கும் இது தெரியாது. நீதிபதிக்குத் தெரியும், அவருடைய எழுத்தருக்குத் தெரியும். தாமசினைக் கூப்பிட்டு, வேதப் புத்தகத்தின்மேல் கை வைக்கச் சொல்லிக் கேட்டார்கள்: உன் அப்பன் இப்படிச் சொன்னானா? பொய்ச் சத்தியம் செய்தால் நரகம் என்று அவளை வளர்த்ததே அந்த அப்பாதான். அதோடு, அவர் சொன்னதை முழுசாகக் கேட்டால் கல்லும் கரையும் என்று அவள் நம்பினாள்.

"சொன்னார் ஐயா. ஆனா அதோட முடிக்கல, அதுக்கு அப்புறம்…"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றார் நீதிபதி.

எழுத்தரின் இறகுப் பேனா "சொன்னார்" என்பதோடு நின்றுவிட்டது. கீழே ஒரு சிலுவைக் குறி போடச் சொன்னார்கள். போட்டாள். நீதிமன்றத்தில் ரால்ஃபின் வாக்குமூலம் வாசித்த பிறகு, "இரண்டாம் சாட்சி, கைதியின் சொந்த மகள்" என்று வாசித்தார்கள். கூட்டத்தின் தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. கூண்டில் நின்றவர் மட்டும் திரும்பவில்லை. தன் முன்னாலிருந்த மரச்சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அதில் ஏதோ கணு இருப்பதுபோல.

டிக்கன் வந்தபோது கடைசி விளாரை முறுக்கிச் சொருகிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை கிழிந்திருந்தது. படலைத் தரையில் போட்டு மிதித்தாள். குதித்தும் பார்த்தாள்.

"கொஞ்சம் வைக்கோல் போட்டுக்கட்டுமா அண்ணே?"

"ஷெரீப் பார்த்தா எடுத்து எறிஞ்சுருவாரு, புள்ள."

அவள் குனிந்து மேல்பாதியின் பின்னலை உள்ளங்கையால் கீழ்நோக்கி அடித்து அடித்து இறுக்கினாள். ஒரு விரல்கூட நுழையாது என்று ஆனபிறகு நிமிர்ந்தாள்.

சிறை வாசலை ஒட்டிய அறையில் நீதிபதியின் எழுத்தர் ஃபுல்க் வழக்குத் தோல்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். இறைச்சி தின்னக் கூடாத தபசு நாள் என்பதால் தட்டில் ஒரு உப்புக் கருவாடு. தாமசின் உள்ளே வந்ததைப் பார்த்தும் அவர் விரட்டவில்லை.

"ஐயா, எங்கப்பா சொன்னது எழுதுன தோல் இதுல இருக்கா?"

"இருக்கு. நாளைக்கு லண்டன் போகுது."

"காட்டுறீங்களா?"

அவர் விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டார். நன்றாக, இரண்டு தடவை. பிறகு ஒரு தோலை எடுத்து விரித்தார். எறும்பு ஊர்ந்ததுபோல் வரி வரியாக எழுத்து. நடுவில் ஓரிடத்தில் விரல் வைத்தார்.

"இதான். மத்ததெல்லாம் லத்தீன். இது மட்டும் நம்ம பேச்சு. அவர் வாயால சொன்னத அப்படியே எழுதணும்கறது முறை."

"வாசிங்க ஐயா."

ஃபுல்க் குரலைத் தாழ்த்தி வாசித்தார். "'செத்தவளுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்த விடாத அரசி எனக்கு அரசியே இல்ல.'"

"இதுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்கு?"

"'வன்மத்தோடும் துரோக எண்ணத்தோடும்'னு."

"அழுதுக்கிட்டே சொன்னார் ஐயா."

"எல்லாத் தோல்லயும் வன்மத்தோடன்னுதான் எழுதணும்மா. அதுக்கு வேற வார்த்தை கிடையாது."

அவள் குனிந்து பார்த்தாள். எழுத்து தெரியாவிட்டாலும் இடம் தெரிந்தது. தோலின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெறுமையாக இருந்தது.

"இங்க இடம் இருக்கே. மீதியை இங்க எழுதிருங்க. இனிமே அவர விடச் சொல்லி நான் கேக்கல. இந்தத் தோல் இருக்கப்போகுதுல்ல, அதுல அவர் பேசுனது முழுசா இருக்கட்டும்."

"என்ன மீதி?"

நாலு மாதமாக யாரும் கேட்காத கேள்வி. தாமசின் கைகளைக் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிப்பவளைப்போல் சொன்னாள்.

"'அந்தம்மாவும் மனுஷிதானே. ஒருநாள் அவங்க போய்ச் சேர்ந்தா, வேற யாரும் ஏத்தலைன்னாலும் நான் அவங்களுக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்துவேன்.' இதத்தான் சொன்னார் ஐயா. கோவத்துல ஆரம்பிச்சாரு, இரக்கத்துல முடிச்சாரு."

ஃபுல்க் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இத வேற யார்கிட்ட சொன்னே?"

"யாரும் கேக்கல."

"ரால்ஃபுக்குத் தெரியுமா?"

"முதப் பாதியக் கேட்டதும் எழுந்து போயிட்டான்."

"தெய்வமே." அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "இங்க பாரும்மா. அரசி சாவை மனசுல நினைச்சாலே துரோகம். சட்டத்துல மொத வரியே அதுதான். முதப் பாதிய வச்சு அவரத் தூக்குல போடுறாங்க. ரெண்டாம் பாதியை மட்டும் சொல்லியிருந்தாலும் போட்டிருப்பாங்க. அதக் கேட்டுட்டு சொல்லாம இருந்தவ நீ. மறைச்ச குத்தத்துக்கு ஆயுசு பூரா ஜெயில்."

"மெழுகுவத்தி ஏத்துறேன்னுதானே சொன்னார்!"

"செத்தாத்தானே ஏத்த முடியும்?"

வெளியே யாரோ குதிரைச் சேணத்தை உதறினார்கள். தாமசின் தட்டின் பக்கத்திலிருந்த இறகுப் பேனாவைப் பார்த்தாள்.

"அப்போ அன்னைக்கு நீங்க பேனாவை நிறுத்துனது…"

"அன்னைக்குக் குளிரு ஜாஸ்தி" என்றார் ஃபுல்க். "மை உறைஞ்சு போச்சு."

அவர் தோலைச் சுருட்டத் தொடங்கினார். அவள் இன்னும் நகரவில்லை.

"ஐயா. நான் கேக்கவே இல்லைன்னு சொல்லியிருந்தா?"

சுருட்டிய தோலுக்கு நூல் கட்டினார். முடிச்சு சரியாகத்தான் விழுந்திருந்தது. இருந்தும் அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"ரால்ஃப் ஒருத்தன்தான் இருந்திருப்பான்" என்றார்.

"வீட்டுக்கு வந்திருப்பாரா?"

"நீ வேதப் புத்தகத்து மேல கை வச்சிருந்தேம்மா."

அவள் தலையாட்டினாள். பிறகு, கேட்பதற்கு வேறு ஒன்றும் இல்லாததால், "லண்டன்ல எங்க வைப்பாங்க?" என்று கேட்டாள்.

"மூணு பூட்டு போட்ட இடத்துல. மூணு பெரிய மனுஷங்ககிட்ட மூணு சாவி. மூணு பேரும் சேர்ந்து வந்தாத்தான் திறக்கும். எலிகூடப் போகாது."

"ஆட்டுத்தோலுதானே ஐயா?"

"ஆமா."

"எங்க படலுக்குள்ள நின்ன ஆடா இருக்கும்" என்றாள்.

மணி பதினொன்று அடிப்பதற்குள் ஆம்புரோஸை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். நாலு மாதத்தில் அவர் சட்டை பெரிதாகிவிட்டிருந்தது. வெளிச்சத்துக்குக் கண் கூச, தரையைப் பார்த்தபடி வந்தார். படலின் பக்கத்தில் நின்ற மகளைத் தாண்டித்தான் போனார். நிமிரவில்லை. மல்லாக்கக் கிடத்தினார்கள். காலை முன்னால் குதிரைப் பக்கமாக வைத்து, இடுப்பிலும் நெஞ்சிலும் கயிறு போட்டார்கள். கைகளை இரண்டு பக்க ஓரக் குச்சிகளோடு சேர்த்து டிக்கன் கட்டினான்.

கை ஓரத்தில் பட்டதும் விரல்கள் அசைந்தன.

தாமசின் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டை விரல் முதலில் கீழ்ப்பக்கம் இறங்கி ஒரு முறுக்கைத் தடவியது. பிறகு மேலே ஏறி அடுத்ததைத் தடவியது. அதற்கடுத்ததையும். அங்கே நின்றது.

"கீழ நான் பின்னினது" என்றார் ஆம்புரோஸ், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

"ஆமாப்பா."

"மேல?"

"நான்தாம்ப்பா."

அவர் தலையைக் கொஞ்சம் தூக்கிப் பின்னலின்மேல் மறுபடி வைத்துப் பார்த்தார். கட்டை விரல் முறுக்கை அழுத்திப் பிரிக்கப் பார்த்தது. அது பிரியவில்லை.

"எப்ப பின்னுனே?"

"காலையில."

"கையக் காட்டு."

அவள் உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் பார்த்தார். டிக்கன் குதிரையின் வாரைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டான்.

"ஆட்டுக்குட்டி மூச்சு விட்டாத் தாங்குமா?" என்று கேட்டார் ஆம்புரோஸ்.

"தாங்கும்ப்பா."

"சரி."

ஷெரீப் கையசைத்தார். குதிரை நகர்வதற்கு முன்னால் ஆம்புரோஸ் இன்னொன்றும் சொன்னார்: "வீட்டுக்குப் போ கண்ணு. பின்னால வராத."

அவள் பாலம் வரைக்கும் போனாள். படல் இழுபட்டு ஈரச் சுண்ணாம்பு மண்ணில் இரண்டு கோடு விழுந்திருந்தது. கூட்டம் அந்தக் கோடுகளின்மேல் மிதித்துக்கொண்டே போயிற்று. குழந்தையைத் தோளில் தூக்கியவர்கள், ரொட்டியைக் கடித்துக்கொண்டு போகிறவர்கள். பாலத்தின் நடுவில் அவள் நின்றாள். அப்பா சொன்னதைக் கேட்டு வளர்ந்தவள். திரும்பிவிட்டாள்.

வீட்டு முற்றத்தில் விளார்த் துண்டுகள் சிதறிக் கிடந்தன. அவற்றைப் பொறுக்கி அடுக்கினாள். மேட்டு வயல் பக்கமிருந்து கூட்டத்தின் இரைச்சல் வந்தது. பிறகு நின்றது. பிறகு இன்னொரு தடவை, இன்னும் பெரிதாக. கடைசித் துண்டை அடுக்கியபோது எதுவும் கேட்கவில்லை. கோவில் மணி அடிக்கவில்லை. அடிக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றாள்.

அவர் உடலை நாலு துண்டாக்கி, தொங்கவிட நாலு ஊர் வாசலுக்கு அனுப்பினார்கள். அவிஸின் பக்கத்தில் வைக்க ஒன்றும் வரவில்லை.

பொழுது சாய்வதற்கு முன்னால் டிக்கன் வந்தான். படலைத் தலைமேல் சுமந்து வந்திருந்தான்.

"கழுவிட்டேன்" என்றான்.

அவள் வாங்கிக்கொண்டாள். விளாரிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மத்ததெல்லாம் நாளைக்கு வண்டில ஏத்துவாங்க. இதுல குறி இல்ல. கணக்குல இல்லாததை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?" அவன் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். "அவரு… வழியில கத்தல, புள்ள. அது மட்டும் சொல்லிட்டுப் போலாம்னு."

"கல்லு?"

"கீழ்பாதிதான் கொஞ்சம் தேஞ்சுது."

அவன் போனபிறகு அவள் படலைத் திருப்பிப் பார்த்தாள். அப்பா பின்னிய பாதியில் நாலைந்து விளார் நைந்து தொங்கின. ஒடிந்ததை எடுத்துப் புதிதாகச் சொருகுவது கால் மணி நேர வேலை. வளைகத்தியைக் கையில் எடுத்தவள், திரும்ப வைத்துவிட்டாள். படலைத் தூக்கிக்கொண்டுபோய் சிபிலி வீட்டு வேலியில் இருந்த இடைவெளியில் நிறுத்தி, இரண்டு பக்கமும் முளை அடித்தாள்.

அந்தப் பக்கத்திலிருந்து ஆட்டுக்குட்டி வந்தது. காலையில் ஓடிவந்த வழியைத் தேடி முட்டியது. வழி இல்லை. மூக்கை மேல்பாதிப் பின்னலில் வைத்து அழுத்தி, மூச்சு விட்டது. ஈர விளாரில் வெள்ளையாக ஆவி படிந்தது. படல் அசையவில்லை. தாமசின் இந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த ஆவி மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். மறைந்ததும் குட்டி மறுபடி மூச்சு விட்டது.

போய்ப் படுங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் யாரும் பேச ஆரம்பித்ததைப் பாதியில் நிறுத்த நேராதிருக்கட்டும். உங்கள் செத்தவர்களுக்கு விளக்கேற்ற உங்களுக்கு எப்போதும் இடம் இருக்கட்டும். உங்கள் வாசல் படல் விழாமல் நிற்கட்டும்.